மழை வந்தால் லிங்க் போகிறது: 866 மெகாஹெர்ட்ஸ் டேட்டா மோடத்துக்கு ஆன்டெனா பக்கம் எதைப் பார்ப்பது?

பம்ப்ஹவுஸ்_பையன் | 9 நவம்பர், இரவு 10.20

வணக்கம். கடலூர் பக்கம் ஒரு குடிநீர்த் திட்டத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போர்வெல் பம்ப்ஹவுஸ் ஒரு ஊரில், மேல்நிலைத் தொட்டி 6 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில். தொட்டியின் நீர்மட்டம் ரேடியோ மோடம் வழியாக இங்கே வருகிறது. அதைப் பார்த்து பி.எல்.சி. (பேனலில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பம்பை ஓட்டும், நிறுத்தும்.

மோடம் 866 மெகாஹெர்ட்ஸ், 500 மில்லிவாட், ஆர்.எஸ்.485 மோட்பஸ் (மோடமும் பி.எல்.சி.யும் பேசிக்கொள்ளும் கம்பி இணைப்பு), 9600 வேகம். பம்ப்ஹவுஸில் 9 மீட்டர் ஜி.ஐ. பைப் மேல் 9 டி.பி.ஐ. யாகி (ஒரே திசையைப் பார்க்கும் குச்சி ஆன்டெனா; டி.பி.ஐ. என்பது ஆன்டெனாவின் பலம்), கீழே பேனல் வரை 20 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள். தொட்டியில் 22 மீட்டர் உயரத்தில் 6 டி.பி.ஐ. ஆம்னி (எல்லாப் பக்கமும் பார்க்கும் ஆன்டெனா), 12 மீட்டர் அதே கேபிள். நான்கு வருடம் முன்பு வேறு ஒப்பந்ததாரர் போட்டது. மூன்று வருடம் பிரச்சினை இல்லையாம்.

இப்போது வெயில் நாளில் ஆர்.எஸ்.எஸ்.ஐ. (வந்து சேரும் சிக்னலின் பலம், டி.பி.எம். அளவில்; பூஜ்யத்துக்குக் கிட்டே வர வர நல்லது) -97. மழை தொடங்கி அரை மணி நேரத்தில் லிங்க் போய்விடுகிறது. பம்ப் நிற்காது, தொட்டி வழியும். ஊர்க்காரர்கள் நேரம் பார்க்காமல் போன் செய்கிறார்கள். போன வாரம் இரண்டு மோடத்தையும் புதிதாக மாற்றிவிட்டேன். அதே -97. "பவர் அதிகமான மோடம் வாங்கிப் போடு" என்கிறார் எங்கள் சூப்பர்வைசர். வாங்கலாமா?

பழைய_ஒயர்லெஸ் | 9 நவம்பர், இரவு 11.05

தம்பி, பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

866 மெகாஹெர்ட்ஸில் மழைத்துளி சிக்னலைத் தின்னாது. அது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போகிறவர்களின் கவலை. மழையில் டி.டி.எச். படம் உறைவது அதனால்தான். உங்கள் லிங்க் மழையில் போகிறது என்றால் ஒன்று, தண்ணீர் எங்கோ உள்ளே புகுந்திருக்கிறது. அல்லது நடுவில் நனைந்த இலை நிற்கிறது. மூன்றாவதாக, மழை வந்தால் கரன்ட் போவது. அதைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு வரவு செலவுக் கணக்கு போடுவோம். டி.பி. என்பது பவர் எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அளவு, 10 டி.பி. என்றால் பத்து மடங்கு. டி.பி.எம். என்றால் ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்வது. 500 மில்லிவாட் என்றால் 27 டி.பி.எம். வரவு: யாகி 9, ஆம்னி 6. செலவு: ஆர்.ஜி.58 இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்கு சுமார் 47 டி.பி. தின்னும். உங்கள் 20 மீட்டருக்கு 9.5, தொட்டி பக்கம் 12 மீட்டருக்கு 5.6. அதாவது மோடம் அனுப்பும் பவரில் பத்தில் ஒரு பங்குதான் யாகிக்கே போய்ச் சேர்கிறது, மீதி கேபிளைச் சூடாக்குகிறது. அப்புறம் 6 கிலோமீட்டர் வெட்டவெளி இழப்பு 107. (கிலோமீட்டரின் லாகரிதத்தை 20-ஆல் பெருக்கி, மெகாஹெர்ட்ஸின் லாகரிதத்தை 20-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, 32.4 சேர்த்தால் வரும்.)

27 + 9 + 6 - 9.5 - 5.6 - 107 = சுமார் -80.

உங்களுக்கு வருவது -97. ஆக, 17 டி.பி. காணவில்லை. 17 டி.பி. என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. இதை மோடம் மாற்றிச் சரிசெய்ய முடியாது. 17 எங்கே போனது என்று தேடுங்கள். இரண்டு முனையிலும் கனெக்டர் தெரிகிற மாதிரி படம் போடுங்கள்.

சிம்கார்டு_சிவா | 10 நவம்பர், காலை 7.40

இந்தக் காலத்தில் யார் ரேடியோ மோடம் போடுகிறார்கள்? 4ஜி ரவுட்டர், ஒரு சிம், வேலை முடிந்தது.

கூழாங்கல் | 10 நவம்பர், காலை 8.15

சிவா, புயல் அடித்த மறுநாள் கடலோரத்தில் செல் டவர் எத்தனை மணி நேரம் படுத்துக் கிடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? குடிநீர் அன்றைக்குத்தான் அதிகம் தேவைப்படும். சிம் ரீசார்ஜ் யார் செய்வது என்று இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் கோப்பு ஆறு மாதம் தூங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். 4ஜி கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் ஆன்டெனாவை இரும்புப் பேனலுக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டு "சிக்னல் வரவில்லை" என்பவர்கள் உண்டு.

பம்ப்ஹவுஸ், உங்களுக்கு ஒரு கேள்வி. லிங்க் போனால் பம்ப் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது? கடைசியாக வந்த மட்டத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது உங்கள் பி.எல்.சி. இரண்டு நிமிடம் தகவல் வராவிட்டால் பம்பை நிறுத்து, அல்லது டைமரில் ஓட்டு என்று புரோகிராமில் ஒரு வரி போடுங்கள். ஆன்டெனா எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது வேண்டும்.

பம்ப்ஹவுஸ்_பையன் | 10 நவம்பர், மாலை 6.30

கூழாங்கல் அண்ணே, இன்றைக்கே போட்டுவிட்டேன். நன்றி.

படம் இணைத்திருக்கிறேன். யாகி கனெக்டர் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்தான் சுற்றியிருக்கிறது, நுனி பிரிந்து தொங்குகிறது. ஆனால் கேபிளும் ஆன்டெனாவும் நன்றாகவே இருக்கின்றன என்று நினைக்கிறேன். நண்பர் ஒருவரிடம் சின்ன அனலைசர் வாங்கி வந்து பேனல் பக்கத்திலிருந்து அளந்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற அளவு; 1 என்றால் ஒன்றுமே திரும்பவில்லை) 1.10! 1.5-க்குக் கீழே இருந்தாலே போதும் என்கிறார்கள். அப்படியானால் பிரச்சினை தொட்டி பக்கமா?

பழைய_ஒயர்லெஸ் | 10 நவம்பர், இரவு 9.10

அவ்வளவு அழகான 1.10 வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். நாளைக்கு ஒன்று செய்யுங்கள். மேலே ஏறி யாகியைக் கழற்றிவிட்டு, கேபிள் நுனியைச் சும்மா விட்டு, கீழே வந்து மறுபடி அளங்கள். என்ன வருகிறது என்று சொல்லுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஏறும்போது பெல்ட் போடுங்கள். வானம் இருட்டியிருந்தால் ஏறவே ஏறாதீர்கள்.

பம்ப்ஹவுஸ்_பையன் | 11 நவம்பர், மதியம் 1.50

ஐயா, ஆன்டெனா இல்லாமலே 1.12 காட்டுகிறது!! மீட்டர் கெட்டுப்போயிருக்கிறதா?

ஹாம்_பாலு | 11 நவம்பர், மதியம் 2.30

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது :) நான் சொல்கிறேன், ஐயா தூங்கியிருப்பார்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் பார்ப்பது திரும்பி வருகிற பவரை மட்டும். நுனியில் ஆன்டெனா இல்லையென்றால் போன பவர் முழுவதும் திரும்பும். ஆனால் அது போகும்போது 9.5 டி.பி. இழந்து, வரும்போது இன்னொரு 9.5 இழக்கிறது. 19 டி.பி. குறைந்து வருவதைப் பார்த்து மீட்டர் "அடடா, ஒன்றுமே திரும்பவில்லை, அருமையான ஆன்டெனா" என்று சொல்லிவிடும். காய்ந்த ஆர்.ஜி.58, 20 மீட்டர், நுனியில் ஒன்றுமே இல்லை என்றால் சுமார் 1.25 காட்ட வேண்டும். உங்களுக்கு 1.12. திரும்பக் கணக்குப் போட்டால் ஒரு வழிக்கு 12.5 டி.பி. வருகிறது. காய்ந்த கேபிளைவிட 3 டி.பி. கூடுதல். கேபிளுக்குள் தண்ணீர் இருக்கிறது.

ஆன்டெனாவை அளக்க வேண்டுமென்றால் ஆன்டெனாவின் அடியில், அரை மீட்டர் நல்ல கேபிளோடு அளக்க வேண்டும். கீழே உட்கார்ந்து அளந்தால் கேபிள் எவ்வளவு மட்டமோ அவ்வளவு நல்ல ரிசல்ட் வரும்.

பழைய_ஒயர்லெஸ் | 11 நவம்பர், மாலை 5.00

தூங்கவில்லை, பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். பாலு சொன்னது சரி.

தம்பி, அந்த கனெக்டரை அறுத்துப் பாருங்கள்.

பம்ப்ஹவுஸ்_பையன் | 12 நவம்பர், இரவு 8.45

அறுத்தேன். என்-டைப் கனெக்டரைத் திறந்ததும் கை மேல் ஒரு சொட்டு விழுந்தது. நான்கு நாளாக மழையே இல்லை. நடு ஊசி பச்சை படிந்து, கோயில் செப்புக்குடத்தின் அடிப்பாகம் மாதிரி இருக்கிறது. கேபிளின் வெளித்தோலை உரித்தால் வலைக்கம்பி கறுத்துப்போய் இருக்கிறது. சரி, கெட்ட பகுதியை வெட்டிவிடலாம் என்று ஒரு சாண் வெட்டினேன், கறுப்பு. இன்னும் ஒரு முழம் வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. இரண்டு மீட்டர் வெட்டிய பிறகு விட்டுவிட்டேன். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி தண்ணீரை இழுத்திருக்கிறது. பேனலுக்குள் மோடம் பக்க கனெக்டரிலும் லேசாகப் பச்சை. தண்ணீர் 20 மீட்டர் இறங்கி வந்திருக்கிறது!

புதுக் கேபிள் என்ன வாங்கலாம்?

கேபிள்டிவி_முருகு | 12 நவம்பர், இரவு 9.30

நான் சொன்னால் எல்லாரும் அடிக்க வருவீர்கள். ஆர்.ஜி.6 போடுங்கள். நம்ம கேபிள் டிவி கேபிள்தான். 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 100 மீட்டருக்கு 20 டி.பி.தான் போகும். உங்கள் ஆர்.ஜி.58-ஐவிடப் பாதிக்கும் குறைவு. எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் கம்மி.

சிம்கார்டு_சிவா | 12 நவம்பர், இரவு 9.42

அது 75 ஓம், மோடம் 50 ஓம். அடிப்படையே தெரியாமல் பேசக்கூடாது.

பழைய_ஒயர்லெஸ் | 12 நவம்பர், இரவு 10.20

அடிப்படை முருகுவுக்கு நன்றாகவே தெரியும், சிவா. 75-க்கும் 50-க்கும் உள்ள பொருத்தமின்மையால் திரும்புவது நூற்றுக்கு 4 பங்கு. 0.2 டி.பி.கூட இல்லை. 20 மீட்டருக்கு 9.5 இழப்பதற்குப் பதில் 4 இழந்து, கூட 0.2 போனால் லாபம்தானே? அவசரத்துக்கு நானே போட்டு ஓட்டியிருக்கிறேன்.

ஆனால் நிரந்தரமாகப் போட மாட்டேன். எஃப் கனெக்டரில் தனி ஊசி கிடையாது, கேபிளின் நடுக்கம்பியேதான் ஊசி. அது பெரும்பாலும் இரும்பு மேல் செம்பு முலாம். கடல்காற்றில் எத்தனை நாள் தாங்கும்? அதற்கு மேல் எஃப்-இலிருந்து என்-னுக்கு ஓர் அடாப்டர், இன்னோர் அடாப்டர் என்று கோத்தால் ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர் வாசல். இன்னொன்றும் உண்டு, சிரிக்காதீர்கள். ஒரு பம்ப்ஹவுஸில் இந்தக் கேபிளைப் பார்த்துவிட்டு "டிவி லைன் போகிறதே" என்று வாட்ச்மேன் அறைக்கு ஸ்பிளிட்டர் போட்டு இழுத்துவிட்டார்கள்.

தம்பி, எல்.எம்.ஆர்.400 வகை வாங்குங்கள். 100 மீட்டருக்கு 13 டி.பி.க்குள். உங்கள் 20 மீட்டருக்கு 2.6. விரல் தடிமன் இருக்கும், கூர்மையாக மடிக்காதீர்கள். பேனலுக்குள் மோடம் வரை அந்தத் தடிமனோடு போனால் மோடத்தின் சின்ன கனெக்டர் உடைந்துவிடும். பேனல் சுவரில் நிறுத்தி, உள்ளே அரை மீட்டர் மெல்லிய ஜம்பர் (குட்டை இணைப்புக் கேபிள்) போடுங்கள்.

ஜம்பர் வாங்கும்போது எஸ்.எம்.ஏ.வா, ரிவர்ஸ் எஸ்.எம்.ஏ.வா என்று பாருங்கள். மரை இரண்டிலும் ஒன்றுபோலவே ஏறும். நடுவில் ஊசி இருக்கிறதா, குழி இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். தவறாக வாங்கினால் குழியும் குழியும் பார்த்துக்கொண்டு நிற்கும், லிங்க் பக்கத்து அறைவரை மட்டும் போகும்.

மின்மினி_கவி | 13 நவம்பர், காலை 6.50

தண்ணீர் புகாமல் சுற்றுவதைப் பற்றி நான் சொல்லலாமா? ஐந்து வருடம் காற்றாலைகளில் ஆன்டெனா மாட்டியிருக்கிறேன். டவர் மேல் ஒருமுறை ஏறி இறங்கினால் மறுபடி ஏறவே மனம் வராது, அதனால் சுற்றுவதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

கனெக்டரை முழுவதும் இறுக்கிய பிறகு முதலில் சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. பின்னால் யாராவது பிரிக்கும்போது ரப்பர் கனெக்டரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது. அதற்கு மேல் ரப்பர் டேப், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் வகை. அதில் பசை கிடையாது. பாதி அகலம் ஆகும் வரை இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. கடைசி அடுக்கைக் கீழிருந்து மேலே சுற்றுங்கள், ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி. ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது மாதிரி தண்ணீர் வழுக்கிப் போகும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணம். இதற்கும் மேல் வெயில் தாங்கும் கறுப்பு டேப். இந்தக் கடைசி டேப்பின் நுனியை மட்டும் இழுக்காமல் வெட்டி அழுத்துங்கள். இழுத்து ஒட்டிய நுனிதான் பிரிந்து தொங்கும்.

சிலிகான் வேண்டாம். வினிகர் வாசனை வருகிற சிலிகான் காயும்போது அமிலம் விடும். செம்பை அது தின்னும்.

கேபிள் பேனலுக்குள் நுழையும் முன்பு ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். நேராக உள்ளே விட்டால் பேனல்தான் அதற்கு வாய்க்கால்.

பம்ப்ஹவுஸ்_பையன் | 19 நவம்பர், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. புதுக் கேபிள் வந்தது. பம்ப்ஹவுஸ் பக்கம் முடித்துவிட்டேன். இன்று தொட்டி பக்கம் ஏறினேன், அங்கே வேறு கதை.

போன வருடம் தொட்டிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்போது ஆம்னியைக் கழற்றி, பிறகு ஏணியின் இரும்புக் குழாயோடு கட்டுக்கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். குழாய்க்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஏணி மேற்குப் பக்கம், பம்ப்ஹவுஸ் கிழக்கே. அதாவது நடுவில் தொட்டியின் குவிமாடம். ஆன்டெனா மேலும் வெள்ளைப் பெயின்ட்!

பழைய_ஒயர்லெஸ் | 19 நவம்பர், இரவு 10.00

பெயின்டர் தப்பில்லை, அவருக்கு அது இன்னொரு பைப். ஆம்னி எல்லாப் பக்கமும் சமமாகப் பார்க்கும் என்பது அதைச் சுற்றி ஒன்றும் இல்லாதபோதுதான். உங்கள் அலைநீளம் 35 சென்டிமீட்டர். அதைவிடக் கிட்டத்தில் இரும்புக் குழாய் நின்றால், ஒரு பக்கம் பலமாகவும் ஒரு பக்கம் குழியாகவும் ஆகிவிடும். கைப்பிடிச் சுவரின் கிழக்கு மூலையில் தனிக் கம்பம் போட்டு, கம்ப நுனிக்கு மேலே ஆன்டெனா நிற்கிற மாதிரி மாட்டுங்கள். பக்கவாட்டில்தான் மாட்ட முடியும் என்றால் கை நீட்டி ஒரு மீட்டர் தள்ளி. இடிதாங்கி முனை ஆன்டெனாவைவிட உயரமாக இருக்கட்டும்.

அந்தப் பக்கம் ஒரே ஒரு பம்ப்ஹவுஸ்தானே? அப்படியானால் ஆம்னியே தேவையில்லை, இரண்டு பக்கமும் யாகி போடலாம். பல ஊர்த் தொட்டிகள் ஒரே மோடத்தோடு பேசினால்தான் நடுவில் ஆம்னி. ஆனால் இருப்பதை வைத்து முதலில் பாருங்கள்.

யாகியைத் திரும்ப மாட்டும்போது குச்சிகள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்த்தீர்களா? எங்கள் தலைமுறை ஃபிட்டர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தூர்தர்ஷன் ஆன்டெனாவில் குச்சிகள் படுத்திருக்கும், அதே கையோடு மோடம் யாகியையும் படுக்கவைத்து மாட்டிவிடுவார்கள். ஆம்னி நின்றுகொண்டு பேசும், யாகி படுத்துக்கொண்டு கேட்கும். 20 டி.பி. அதிலேயே போய்விடும். வேதாரண்யம் பக்கம் நாங்கள் எண்பதுகளில் இலங்கை டிவியான ரூபவாஹினி பார்ப்பதற்காக மூங்கிலோடு மூங்கில் கட்டி ஆன்டெனா ஏற்றியவர்கள். பழக்கம் விடாது.

பம்ப்ஹவுஸ்_பையன் | 23 நவம்பர், மாலை 7.30

முடித்துவிட்டேன். குச்சிகள் செங்குத்துதான், குட்டைக் குச்சிப் பக்கம் தொட்டியைப் பார்க்கிறது. ஆம்னி கிழக்கு மூலையில் தனிக் கம்பத்தில். டேப் மூன்று அடுக்கு, கவி அக்கா சொன்ன மாதிரியே. படம் இணைத்திருக்கிறேன்.

ஆர்.எஸ்.எஸ்.ஐ. -81. லிங்க் பிரமாதமாக ஓடுகிறது!

மின்மினி_கவி | 23 நவம்பர், இரவு 8.05

அருமை! ஆனால் படத்தில் ஆம்னியின் அடிப்பகுதியைப் பாருங்கள். உற்சாகத்தில் வடிகால் துளையையும் சேர்த்துச் சுற்றிவிட்டீர்கள். உள்ளே வேர்க்கும் ஈரம் வெளியே வர வேண்டிய துளை அது. அதை மட்டும் வெட்டித் திறந்துவிடுங்கள்.

பழைய_ஒயர்லெஸ் | 23 நவம்பர், இரவு 9.40

வாழ்த்துகள். ஆனால் நான் கணக்கை விட மாட்டேன். புதுக் கேபிள், ஜம்பர், கனெக்டர் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கமும் 5 டி.பி. செலவு என்று வையுங்கள். 27 + 9 + 6 - 5 - 107 = -70. உங்களுக்கு -81. இன்னும் 11 டி.பி. பாக்கி இருக்கிறது. முதலில் 17 காணவில்லை, அதில் 6 தண்ணீரிலும் ஏணியிலும் கிடைத்தது. மீதி வழியில் இருக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது?

பம்ப்ஹவுஸ்_பையன் | 23 நவம்பர், இரவு 10.10

ஒன்றும் இல்லை ஐயா. யாகி பக்கத்தில் நின்று பைனாகுலரில் பார்த்தால் தொட்டி முழுசாகத் தெரிகிறது. கீழே சவுக்குத் தோப்பு இருக்கிறது, ஆனால் பார்வைக்குக் கீழேதான்.

ஹாம்_பாலு | 23 நவம்பர், இரவு 10.50

மாட்டிக்கொண்டார் சவுக்கு.

கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் மாதிரி இடம் எடுத்துக்கொண்டு போகும். ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். 6 கிலோமீட்டர், 866 மெகாஹெர்ட்ஸ் என்றால் நட்டநடுவில் அதன் ஆரம் 23 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 14 மீட்டர், பார்வைக் கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும்.

உங்கள் யாகி 9 மீட்டரில், ஆம்னி 22 மீட்டரில். நடுவழியில் கோடு 15.5 மீட்டர் உயரத்தில் போகிறது. பூமியின் வளைவுக்கு அரை மீட்டர் கழித்தால் 15. வெறும் தரையாக இருந்தால் மயிரிழையில் பாஸ். தோப்பு எத்தனை மீட்டர் உயரம்? எப்போது நட்டது?

பம்ப்ஹவுஸ்_பையன் | 25 நவம்பர், மாலை 6.15

பைக்கில் போய்ப் பார்த்தேன். சரியாகப் பாதி வழியில், சாலையின் இரண்டு பக்கமும் சவுக்கு. தோப்புக்காரரே இருந்தார். நட்டு நான்கு வருடம் ஆகிறதாம், 12 மீட்டருக்குக் குறையாது என்கிறார். அதாவது லிங்க் போட்ட அதே வருடம் நட்டது! அப்போது முழங்கால் உயரம் இருந்திருக்கும்.

பழைய_ஒயர்லெஸ் | 25 நவம்பர், இரவு 8.30

போட்டவர் கணக்குப் போட்டுத்தான் போட்டிருக்கிறார். கம்பம் 9 மீட்டர் போதும் என்று அவர் நினைத்தது அன்றைக்குச் சரி. சவுக்கு வளரும் என்பதைத்தான் மறந்துவிட்டார். நனைந்த சவுக்கு காய்ந்த சவுக்கைவிட அதிகம் தின்னும். உங்கள் மழைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஈரோட்டு_சாயம் | 26 நவம்பர், காலை 9.00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் சாயக்கழிவு சுத்திகரிப்பு ஆலையிலும் 866 மோடம்தான். எங்கள் கதை நேர் எதிர். ஆர்.எஸ்.எஸ்.ஐ. -72, பிரமாதம். ஆனால் பத்துக்கு நான்கு பாக்கெட் பிழையாக வரும். கம்பத்தை உயர்த்தினால் இன்னும் மோசம். என்னவாக இருக்கும் என்று ஒரு வருடம் அலைந்தோம்.

ஹாம்_பாலு | 26 நவம்பர், காலை 9.35

பக்கத்துக் கட்டடத்தில் செல் டவர் இருக்கிறதா?

ஈரோட்டு_சாயம் | 26 நவம்பர், காலை 10.10

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! ஆமாம், அதுதான். நம் பேண்ட் 865-868. 850 பேண்ட் டவர் பேசுவது 869-இலேயே தொடங்குகிறது. காதுக்குப் பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தால் தூரத்தில் பேசுகிறவர் சொல்வது காதில் விழாது, அதே கதைதான். கடைசியில் ஆன்டெனாவை 8 மீட்டர் கீழே இறக்கி, டவருக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர்த் தொட்டிச் சுவர் வருகிற மாதிரி வைத்தோம். ஆர்.எஸ்.எஸ்.ஐ. -79 ஆகக் குறைந்தது, பிழை போய்விட்டது. கேவிட்டி ஃபில்டரும் (நம் அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி) போட்டிருக்கலாம், அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

சிம்கார்டு_சிவா | 26 நவம்பர், காலை 11.20

பம்ப்ஹவுஸ், இவ்வளவு பாடு எதற்கு? ஆன்லைனில் 915 மெகாஹெர்ட்ஸ் 5 வாட் மோடம் கிடைக்கிறது. 12 டி.பி.ஐ. யாகியோடு சவுக்கைத் துளைத்துக்கொண்டு போகும்.

பழைய_ஒயர்லெஸ் | 26 நவம்பர், மதியம் 12.40

சிவா, அது அமெரிக்கச் சரக்கு. 902-928 அங்கே பொது வெளி. இங்கே 900 பேண்ட் மொபைல் கம்பெனிகளுக்கு ஏலத்தில் போனது. உங்கள் கைபேசி டவரோடு பேசும் இடத்தில் உட்கார்ந்து 5 வாட் கத்தினால் ஆள் தேடி வருவார்கள். நமக்கு உரிமம் இல்லாமல் கிடைத்தது 865-867, 2005-இல் திறந்தார்கள். 2021-இல் 868 வரை நீட்டினார்கள். அதிலும் மோடம் 1 வாட்டுக்கு மேல் கூடாது, ஆன்டெனா பலத்தோடு சேர்த்து 4 வாட் இ.ஆர்.பி. 1 வாட்டோடு 12 டி.பி.ஐ. யாகியும் நல்ல கேபிளும் சேர்ந்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

கூழாங்கல் | 26 நவம்பர், மாலை 5.20

மின்னலைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த ஊரில் தொட்டிதான் உயரமான பொருள். கேபிள் பேனலுக்குள் நுழையும் இடத்தில் அரெஸ்டர் (மின்னலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போட்டு, அதன் எர்த்தைப் பேனல் எர்த்தோடு தடித்த கம்பியால் சேர்த்துக் கட்டுங்கள். ஆன்டெனாவுக்குத் தனி எர்த் பிட், பேனலுக்குத் தனி எர்த் பிட், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு குழிக்கும் நடுவில் சில ஆயிரம் வோல்ட் வித்தியாசம் வரும். அது உங்கள் மோடம் வழியாகத்தான் சமாதானம் பேசும்.

எங்கள் இடத்தில் ஆன்டெனா போர்ட் பிழைத்தது, ஆர்.எஸ்.485 போர்ட் எரிந்தது. லெவல் சென்சார் கேபிள் தொட்டி உச்சியிலிருந்து பாதுகாப்பில்லாமல் இறங்கி வந்திருக்கிறது. அரெஸ்டரை ஆன்டெனாவுக்கு மட்டும் போட்டால் இப்படித்தான்.

பம்ப்ஹவுஸ்_பையன் | 4 டிசம்பர், இரவு 9.50

அரெஸ்டர் இரண்டு பக்கமும் போட்டாகிவிட்டது, சென்சார் கேபிளுக்கும் ஒன்று. வடிகால் துளையைத் திறந்துவிட்டேன் அக்கா.

இரண்டு நாள் அடைமழை. -87 வரை இறங்கியது, ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. மோடம் -106 வரை கேட்கும் என்று கையேட்டில் இருக்கிறது. கம்பத்தை 15 மீட்டராக உயர்த்தலாமா? சூப்பர்வைசர் இப்போது அதற்குப் பணம் தருவதாகச் சொல்கிறார்.

பழைய_ஒயர்லெஸ் | 4 டிசம்பர், இரவு 10.30

அடைமழையிலும் 19 டி.பி. கையிருப்பு. போதும் தம்பி. 6 மீட்டர் உயர்த்தினால் நடுவழியில் 3 மீட்டர்தான் கிடைக்கும். அதற்கு நான்கு பக்கமும் ஸ்டே கம்பி கட்ட வேண்டும். நீங்கள் போட்ட படத்தில் பம்ப்ஹவுஸ் பின்னால் 11 கே.வி. லைன் தெரிகிறது. 15 மீட்டர் கம்பம் சாய்ந்தால் அதன் மேல்தான் விழும். 9 மீட்டரே அங்கே நிற்கட்டும்.

பம்ப்ஹவுஸ்_பையன் | 21 பிப்ரவரி, மாலை 6.40

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். இன்று காலை ஆர்.எஸ்.எஸ்.ஐ. பார்த்தால் -72! நான் ஒன்றையும் தொடவில்லை. மோடம் கெட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். மதியம் பைக்கில் போனேன். தோப்பில் வெட்டு நடக்கிறது. பாதிக்கு மேல் லாரியில் ஏறிவிட்டது, மீதி நாளைக்குப் போய்விடுமாம்.

பழைய_ஒயர்லெஸ் | 21 பிப்ரவரி, இரவு 7.15

-70 வர வேண்டும். 2 பாக்கி.

பம்ப்ஹவுஸ்_பையன் | 21 பிப்ரவரி, இரவு 7.30

மீதிச் சவுக்கு வெட்டியதும் சொல்கிறேன் ஐயா :) அடுத்து என்ன போடப் போகிறீர்கள் என்று தோப்புக்காரரைக் கேட்டேன். சவுக்குதான், ஆடியில் கன்று நடுகிறாராம். பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன்: "ஆடியில் நடவு. மூன்றாம் வருடத்திலிருந்து மாதம் ஒருமுறை சிக்னல் பார்க்கவும்."